ரெண்டு பேருக்கு ஒரு பூட்டு

மார்ச் 3, செவ்வாய்

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட்டுக்குக் கயிறு மாற்றும் வேலை இன்று தொடங்கியது. பத்து நாள் ஆகும். காலை பத்து முதல் மாலை நான்குவரை லிஃப்ட் ஓடாது என்று கீழே தாள் ஒட்டினேன். பசை காய்வதற்குள் ஐந்து பேர் வந்து, "லிஃப்ட் எப்பம்மா ஓடும்?" என்றார்கள். தாளில் போட்டிருக்கிறது என்றேன். "சரி, எப்ப ஓடும்?" என்றார்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எழுதி ஒட்டியதைப் படித்த ஒரு ஜீவனை இன்னும் பார்க்கவில்லை.

கேலண்டர் மேலே மெஷின் ரூமில், நான் அடியில் பள்ளத்தில். அவன் மூஞ்சியை அப்படியே அச்சடித்துச் சுவரில் மாட்டலாம் என்பதால் நான் வைத்த பெயர் அது. ஒன்பது வருடமாக நாங்கள் ஜோடி. மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே இறங்க வேண்டும். பூட்டில் நம் போட்டோ ஒட்டிய சீட்டு தொங்கும். யார் போட்டாரோ அவர் கையால்தான் திறக்க வேண்டும். ஆளுக்கொரு பூட்டு என்பது விதி. நாங்கள் அவன் பூட்டு ஒன்றை வைத்தே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டோம். என் சீட்டில் இருக்கும் போட்டோவைப் பார்த்தால் எனக்கே போலீசில் சொல்லத் தோன்றும். அதனால் என் பூட்டும் சீட்டும் பையடியில் கிடக்கின்றன.

அடியிலிருந்து உச்சிவரை லிஃப்ட் ஓடும் பொந்தை நாங்கள் கிணறு என்போம். அதில் குரல் நன்றாக ஏறும். என் மாமியாரைப் பற்றி நான் முணுமுணுப்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒருவர் ஏதாவது சொன்னால், மற்றவர் முதலில் "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். காதில் விழுந்தது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். யோசித்துப் பார்த்து, செய்யலாம் என்றால் அப்புறம் "சரி". அந்தச் "சரி" வரும்வரை எதன்மீதும் கை வைக்கக் கூடாது. வீட்டிலும் இந்த முறையைக் கொண்டுவரப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கேட்காமலே சரி என்கிறார்.

மார்ச் 5, வியாழன்

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்துவிட்டது. பதினொரு பேர்.

பள்ளத்தில் இருந்தேன். மேலிருந்து கேலண்டர் கத்தினான்: "அக்கா, வெளிய வாங்க. லிஃப்ட்ட ஓட விடணும். எல்லாரும் பிள்ளைங்கள கூட்டிட்டு வர ஓடுறாங்க." கேட்டுச்சு, சரி, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாலைவரை லிஃப்ட்டை ஓட்டிக்கொண்டே இருந்தோம். 

மார்ச் 6, வெள்ளி

அக்கரைக்காரர்கள்தான் வைத்தார்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களை அப்படித்தான் சொல்வது. எந்த அக்கரைக்காரர், எத்தனை பேர் என்று டிவிக்கும் தெரியவில்லை. அதனால் என்ன, மொத்தமாகச் சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

கேலண்டர் அக்கரைக்காரன். மூன்று வயதில் அம்மா இடுப்பில் ஏறி வந்தவன். அவன் பேச்சிலோ மூஞ்சியிலோ யாரும் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் பரம்பரை பரம்பரையாக இந்த ஊர்.

இன்று டீக்கடைக்காரர் அவனுக்குக் கண்ணாடி கிளாசில் டீ கொடுத்தார். எனக்குக் காகிதக் கப். ஏன் என்று கேட்டேன். "கிளாஸ் தீந்துடுச்சும்மா" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்த கிளாஸ் இருபதாவது இருக்கும். புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபிறகு சிரிப்பு வந்துவிட்டது. டீ நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. அக்கரைக்காரர்களை அடையாளம் காண ஏழு வழிகள். வீட்டுக்காரர் மருந்துக்கடையிலிருந்து வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி என்னை உட்காரவைத்துப் படித்தார். புருவம் நடுவில் சேர்ந்திருக்கும் – சேர்ந்திருக்கிறது. முடி சுருட்டை – ஆமாம். காது மடல் ஒட்டியிருக்கும் – இல்லை, பிழைத்தேன். பேசும்போது கை ஆடும். "இல்லவே இல்லை" என்று கையை ஆட்டிச் சொன்னேன். நேருக்கு நேர் பார்க்க மாட்டார்கள். அதற்கு அடுத்ததே, நேருக்கு நேர் பார்த்தால் முறைப்பார்கள். அவரை முறைத்தேன். கடைசியாக, கையில் எப்போதும் ஒரு பை இருக்கும்.

ஏழுக்கு ஐந்து. "பள்ளிக்கூடத்துல கூட நீ இவ்வளவு மார்க் வாங்கியிருக்க மாட்ட" என்றார் மனுஷன். அவருக்கு மூன்று. எங்கள் சூப்பர்வைசரை நினைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டோம். ஆறு வருகிறது. கேலண்டருக்கு ஒன்றே ஒன்று, பை.

பிறகு வீட்டுக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "பை ஒரு பக்கம் கிடக்கட்டும். புருவத்தையாவது திருத்திக்கோ."

மார்ச் 10, செவ்வாய்

போனேன். வெட்கம் கெட்டுப் போனேன். நாற்பத்து நாலு வயதில் முதன்முறையாக அழகு நிலையம். நூல் வைத்து இழுத்த பெண் காதோடு சொன்னாள்: "நடுப்புருவம் எடுக்க இந்த வாரத்துல நீங்க பதினேழாவது ஆளு."

இப்போது எதைக் கேட்டாலும் திடுக்கிட்ட மாதிரி இருக்கிறது என் மூஞ்சி. கேலண்டர் பார்த்துவிட்டு மெஷின் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, யாரு பயமுறுத்தினாங்க?" என்றான். எல்லாம் உன் ஆளுங்களாலதாண்டா என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன்? வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன், அவனும் ஏதாவது எகத்தாளமாகச் சொல்லியிருப்பான்.

டீக்கடையில் மறுபடியும் காகிதக் கப்.

மார்ச் 11, புதன்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியேறி மெஷின் ரூமுக்கே போயிருக்கிறார். பன்னிரண்டு மாடி. எதற்கு? கேலண்டரிடம் ரகசியம் பேச. "தம்பி, நீங்க நம்ம ஆளு, அதனால சொல்றேன். கீழ இருக்குற அந்தம்மா மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க."

இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வெச்சுக்கிறேன் சார்" என்றானாம். சாப்பாட்டு வேளையில் நடித்துக் காட்டினான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சோற்றைத் தள்ளி வைத்தேன்.

"நீ சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"என்னன்னு?"

"அவங்க அக்கரை இல்ல சார், நான்தான்னு. ஒரு வார்த்தை. உன் மூஞ்சிக்கு உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அவன் டப்பாவை மூடினான். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கக்கா."

எனக்கும்தான் ஒருத்தி இருக்கிறாள். சொல்லவில்லை. அவன் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எரிச்சல்பட ஒரு தனித் திறமை வேண்டும், அது எனக்கு நிறைய இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

பேருந்தில் ஒருத்தன் என் பையின்மேல் துப்பினான். என்மேல் இல்லை, பையின்மேல். நன்றி சொல்லவேண்டுமா?

மார்ச் 13, வெள்ளி

கேலண்டரைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. எழுத முடியவில்லை.

மார்ச் 14, சனி

நேற்று முகப்புக் கூடத்தில் நடந்தது இது. காலை பதினொன்றரைக்கு ஸ்பேனர் எடுக்கப் பள்ளத்திலிருந்து ஏறினேன். செயலாளர், காவலாளி, இன்னும் பத்துப் பதினைந்து பேர் வளைத்துக்கொண்டார்கள். முப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டு என்மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் வந்து என் பையைத் தரையில் கொட்டியது. கொட்டியதில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர் உருண்டது. இரண்டு ஒயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கூட்டம் மொத்தமாகப் பின்னால் போனது. ஒரு ஆள் செருப்பை விட்டுவிட்டே ஓடினான்.

அப்போது யாரோ மேலே இருப்பவன்தான் அக்கரைக்காரன் என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் ஓடாததால் இரண்டு போலீசும் படியேறித்தான் போனார்கள். அரை மணி கழித்து இளைத்துக்கொண்டு அவனோடு இறங்கி வந்தார்கள். அவன் மட்டும் இளைக்கவில்லை.

அவன் பூட்டு மெயின் ஸ்விட்சில் அப்படியே தொங்குகிறது. சாவி அவன் இடுப்பு வளையத்தில். கயிறு வேலை பாதியில். லிஃப்ட் ஏழாவது மாடியில் நிற்கிறது, அசையாது.

மார்ச் 15, ஞாயிறு

யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நேற்று எழுதியிருக்கிறேன். என் சொந்த நோட்டில், யாருமே படிக்காத நோட்டில், எனக்கே பொய் எழுதியிருக்கிறேன். அடி சக்கை.

நான்தான் சொன்னேன்.

"நீ எந்த ஊரு, உண்மையச் சொல்லு" என்று போலீஸ் மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நான் அக்கரைக்காரி இல்லைய்யா! எத்தனை தடவை சொல்றது! அக்கரைக்காரன் மேல மெஷின் ரூம்ல இருக்கான், போய் அவனைக் கேளு!" – இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூட மாற்றாமல் எழுதிவிட்டேன். பயத்தில் சொன்னேன் என்று எழுதத்தான் பேனா போகிறது. பயம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தது பயம் இல்லை. ஒரு வாரக் காகிதக் கப், அந்தத் துப்பல், அவன் மூடிய டப்பா, எல்லாம் சேர்ந்து வந்த கோபம்.

இன்னொன்றும் உண்டு. லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. நான் கத்தியது கிணற்றில் ஏறியது. கூடம் முழுக்க ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்போது மேலிருந்து, பன்னிரண்டு மாடியும் தாண்டி, பழக்கத்தில் வருகிற மாதிரி நிதானமாக அவன் குரல் வந்தது.

"கேட்டுச்சு."

மார்ச் 16, திங்கள்

சூப்பர்வைசர் பூட்டு வெட்டும் கத்திரியோடு வந்தார். தலையில் தொப்பியை இறுக்கி, சுருட்டை முடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் மறைத்திருந்தார். ஏழுக்கு ஆறு, பாவம்.

"வெட்டிடலாம்மா. சங்கத்துல உயிர எடுக்குறாங்க."

"வெட்டலாமே சார். படிவத்தை நிரப்புங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்தவர் பூட்டை வெட்ட ஒரு படிவம் உண்டு. பூட்டின் சொந்தக்காரரிடம் நேரிலோ போனிலோ பேசி, அவர் வேலையிடத்தில் இல்லை, பத்திரமாக இருக்கிறார் என்று உறுதிசெய்து அதிகாரி கையெழுத்திட வேண்டும். சொந்தக்காரர் லாக்கப்பில். போன் போலீசிடம். "அவர் பத்திரமா இருக்காருன்னு நீங்க எழுதித் தரீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். "பாதிக் கயிறு புதுசு, பாதி பழசு. எந்த நட்டை முறுக்கினான், எதை விட்டான்னு அவனுக்குத்தான் தெரியும். ஆளோட விழுந்தா உங்க கையெழுத்துதான் முதல்ல வரும்" என்றும் சேர்த்துச் சொன்னேன். கத்திரியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் எல்லா நட்டையும் நான் அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடுவேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போவதும் இல்லை.

படியில் ஏறும் முனகல் இன்று முழுக்கக் கேட்டது. செயலாளர் ஒன்பதாம் மாடி. தண்ணீர் கேனோடு ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். "எப்பம்மா ஓடும்?" என்றார். "பூட்டுக்காரர் வந்ததும் ஓடும் சார்" என்றேன். எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பதினோராம் மாடியில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், தனியாள், முட்டி இரண்டும் போய்விட்டது. நாளைக் காலை கண்ணில் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தவறினால் பார்வைக்கு ஆபத்து என்று காவலாளி சொன்னான்.

என் அரை மணி நேர வேலை. செய்துவிட்டால் பூட்டை வெட்டலாம். வெட்டிவிட்டால் கேலண்டரை யாருக்கு வேண்டும்? யாருக்கும் வேண்டாம். லிஃப்ட் ஓடும், கதவு மூடும், அவ்வளவுதான். ஆனால் டீச்சர் கண்? நீ யாருடி அதைத் தீர்மானிக்க?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கேட்காமலே சரி"க்காரர் இந்த முறை கேட்டார், எத்தனை மாடி என்று. சொன்னேன். "நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கா?" என்றார்.

மார்ச் 18, புதன்

இருநூற்று இருபது படி. நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் நாற்காலியில் டீச்சர். வீட்டுக்காரர் ஒவ்வொரு மாடியிலும் நாற்காலியை இறக்கி வைத்துத் தன் முதுகெலும்பின் பூர்வீகத்தைச் சொல்லிப் புலம்பினார். எட்டாவது மாடியில் நான் கேட்டேவிட்டேன்: "அந்த மனுல நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா டீச்சர்?"

"போட்டேன்" என்றார். "செயலாளர் கொண்டுவந்து நீட்டினார். எல்லாரும் போட்டிருந்தாங்க. படிக்கலை."

"படிக்காம எப்படிப் போட்டீங்க? நாற்பது வருஷம் பிள்ளைங்களைப் படிங்க படிங்கன்னு அடிச்சிருப்பீங்களே."

வீட்டுக்காரர் பின்னாலிருந்து என்னை முறைத்தார். நாற்காலி கொஞ்சம் ஆடியது.

டீச்சர் கோபப்படவில்லை. "அடிச்சிருக்கேன்" என்றார். நான்காவது மாடியில் நாற்காலியை இறக்கி வைத்தோம். பிறகு, "நீதான் மனுல இருந்த பொம்பளையா? உன்னைப் பிடிக்கச் சொல்லியா எழுதியிருந்தது? நீ என்னை இறக்கிட்டிருக்க" என்றார். கண்ணில் தண்ணீர். கண் நோயாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய், அப்புறம் காவலாளியோடு சேர்ந்து டீச்சரை மேலே ஏற்றிவிட்டதும் வீட்டுக்காரர்தான். நான் கேலண்டருக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல் பெஞ்சில் அவன் மனைவி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசிவரைக்கும் நீங்கதான்க்கா கூட இருந்தீங்களாமே" என்றாள். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் பையைத் துழாவினேன். பையில் தேட எதுவுமே இல்லை.

உள்ளே எழுதுகிற போலீஸ் தலையைத் தூக்கி என் மூஞ்சியைப் பார்த்தார். "நீயும் அக்கரையா?"

"ஆமா" என்றேன்.

வீம்பு. பரிகாரம் என்றும் சொல்லலாம், யார் கேட்கப் போகிறார்கள். அங்கேயே சுவரோரம் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம். பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அக்கரைக்காரர்களுக்குக் கொடுக்கும் பதிவுச் சீட்டு எங்கே? இல்லாத சீட்டை எங்கே தேட? கடைசியில் வீட்டுக்காரர் என் பிறப்புச் சான்றிதழோடு ஓடி வந்தார். ஒரே நாளில் இரண்டு பெண்களைச் சுமந்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்ச் 19, வியாழன்

இன்று நடந்ததைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

சங்கம் அவசரக் கூட்டம் போட்டு இரண்டாவது மனு எழுதியிருக்கிறது. "பொதுமக்கள் நலன் கருதி, மேற்படி நபரை உடனே விடுவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." முதல் மனுவுக்கு முப்பத்தோரு கையெழுத்து, இதற்கு நாற்பத்து நாலு. முட்டி வலிக்கு இருக்கிற ஒற்றுமை வேறு எதற்கும் இல்லை. டீச்சர் மட்டும் மனுவை வாங்கிக் கண்ணில் கட்டோடு இரண்டு தடவை படித்தாராம். "மேற்படி நபர் நிரபராதி" என்று ஒரு வரி சேர்த்தால்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டாராம். செயலாளர் மூச்சு வாங்க ஒன்பதாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்குமாக இரண்டு நடை நடந்து சேர்த்தார்.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே கையெழுத்தா இருக்கே. போன வாரம் பிடிங்கன்னு கொடுத்தீங்க?"

"ஆமா சார்" என்றார் செயலாளர். "அப்ப லிஃப்ட்டப் பத்தி யோசிக்கலை."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குண்டு வைத்தவர்கள் என்று வேறு யாரையோ பிடித்துவிட்டார்களாம், இவன்மேல் ஒன்றும் இல்லையாம், நாளைக்கு விடுவதாக இருந்ததாம். நிஜமோ பொய்யோ.

மார்ச் 20, வெள்ளி

வந்தான். மெலிந்திருந்தான், இடது கன்னத்தில் நீலம். கூடத்தில் ஜனம் நின்றது. யாரோ கை தட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். செயலாளர் ஒரு கண்ணாடி கிளாசில் டீயை நீட்டினார். கேலண்டர் அதை வாங்கி, காவலாளி கையில் கொடுத்துவிட்டுப் படியேறினான். நான் பின்னால் ஏறினேன்.

பூட்டைத் திறக்கவில்லை முதலில். ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தான், முறுக்கினான். அரை மணி நேரம். அதன்பிறகு பூட்டு. ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் உறுமியது. கீழே எல்லா மாடியிலிருந்தும் ஒரு ஆரவாரம் கிணற்றில் ஏறி வந்தது. அவன் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஸ்டேஷன்ல நானும் அக்கரைதான்னு சொன்னீங்களாமே" என்றான், பூட்டைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா."

"மூணு மணி நேரம் உட்கார வெச்சாங்களாமே."

"ஆமா."

"உங்களுக்கு அது மூணு மணி நேரத்துல கழண்டுடுச்சுக்கா."

  அவன் சீட்டையும் பூட்டையும் பையில் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மார்ச் 27, வெள்ளி

புருவம் நடுவில் மறுபடி முளைக்கிறது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மாற்றாளாக ஒருவனைக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவன்தான், நிறுத்தாமல் பேசுகிறான். நான் "கேட்டுச்சா?" என்றால் "சரி சரி சரி" என்கிறான். இன்று இரண்டு தடவை என் உயிர் போய் வந்தது.

சூப்பர்வைசரிடம் கேலண்டர் வேறு ஜோடி கேட்டானா என்று கேட்டேன். "கேட்கலை. ஏன், கேட்கணுமா?" என்றார். நடந்ததை அவரிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "நான் உன் இடத்துல இருந்தா அந்த மீட்டரை எடுத்ததுமே சொல்லியிருப்பேன்" என்றார். ஆறுதலாகச் சொன்னதாக நினைப்பு.

ஏப்ரல் 7, செவ்வாய்

கேலண்டர் வந்துவிட்டான். புதுக் கட்டடம், ஆறு மாடி. கம்பெனியில் இப்போது எல்லாருக்கும் தெரியும். இங்குள்ள டீக்கடைக்காரருக்கு இருவரையுமே தெரியாது. இருவருக்கும் காகிதக் கப், எல்லாருக்கும் அதுதான். சமத்துவம் இப்படியும் வரும்.

"இன்னிக்கு நான் கீழ இறங்குறேன். நீங்க மேல இருங்க" என்றான். கன்னம் சரியாகிவிட்டது. மெஷின் ரூமில் மெயின் ஸ்விட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டான், போட்டோச் சீட்டைத் தொங்கவிட்டான். வழக்கமாக அதோடு வேலை முடிந்துவிடும். அவன் போகவில்லை. ஸ்விட்சில் இரண்டாவது துளையைக் காட்டினான்.

"உங்க பூட்டு?"

"என்னத்துக்கு? ஒன்பது வருஷமா –"

"ஆளுக்கொரு பூட்டுதான்க்கா விதி."

பையடியில் துழாவி எடுத்தேன். துருப்பிடித்திருந்தது. அவனே எண்ணெய் விட்டுக் கொடுத்தான். மாட்டினேன். அவன் மூஞ்சிக்குப் பக்கத்தில் என் மூஞ்சி, சேர்ந்த புருவத்தோடு முறைத்துக்கொண்டு. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் அவன் உதடு லேசாக இழுத்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. எண்ணெய் நெடியாகவும் இருக்கலாம். இறங்கிப் போனான்.

கீழே ஸ்பேனர் சத்தம் தொடங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கிணற்றுக்குள் குனிந்தேன். நேரில் சொல்ல எனக்கு வராது, இருபது வருடமாக இப்படியே பேசிப் பழகிவிட்டேன்.

"தம்பி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பயத்துல சொல்லலை. கோவத்துல சொன்னேன். உன்னை மாட்டிவிடணும்னுதான் அந்த ஒரு நிமிஷம் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

ஸ்பேனர் நின்றது. இருட்டில் அவன் தலை மட்டும் புள்ளியாகத் தெரிந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேட்டுச்சு" என்றான்.

"சரி" வரட்டும் என்று கையை எதன்மீதும் வைக்காமல் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் ஸ்பேனர் சத்தம் மறுபடி வந்தது. இந்தக் கட்டடத்தில் இன்னும் ஆறு நாள் வேலை இருக்கிறது.